வாடுன நாத்தைத் தூக்கிப் போடாதீங்க சாமி!

தேனி, சின்னமனூர், கம்பம்னு எங்க பக்கத்து நர்சரி எதுக்குள்ள போனாலும் முன்னாடி ரோஜாவும் குரோட்டன்ஸும் ராஜமரியாதையோட நிக்கும். கீரை நாத்து பின்மூலையில். பொன்னாங்கண்ணி, வல்லாரை, தவசிக்கீரை எல்லாம் கறுப்புப் பையில் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நம்மாளுங்க செய்யறது ரெண்டே வேலை. குடம் குடமா தண்ணி, கைப்பிடி யூரியா. ரெண்டுமே கொலைக்குற்றம்னு சொல்ற கட்சி நான் :-)

இப்பல்லாம் பைக்குள்ள பெரும்பாலும் தென்னைநார்க் கழிவுதான். அது ஒரு தடவை சுத்தமா காய்ஞ்சுட்டா, மேல ஊத்துற தண்ணி உள்ளே இறங்காது, ஓரமா வழிஞ்சு ஓட்டை வழியா போயிடும். பையோட வாளித் தண்ணியில் முக்கி வைங்க. குமிழி நின்னதும் எடுத்து நிழல்ல வடிய விடுங்க. அதுக்கு முன்னாடி விரலை விட்டுப் பாத்துடணும். உள்ளே சொதசொதன்னு இருந்தும் இலை தொங்குச்சுன்னா வேர் அழுகுதுன்னு அர்த்தம். அதுக்கு தண்ணியே காட்டக்கூடாது.

அடுத்து கத்தரிக்கோல். பொன்னாங்கண்ணி, தவசி ரெண்டையும் பாதி உயரத்துக்கு வெட்டிடுங்க. மனசு கேக்காது, ஆனா நொந்துபோன வேரால அத்தனை இலைக்கும் தண்ணி ஏத்த முடியாது. வெட்டின தண்டு பச்சையா இருந்தா ரெண்டு மூணு கணு விட்டு நறுக்கி ஈரமண்ணில் செருகுங்க, வேர் பிடிச்சுக்கும். வல்லாரையில் கொடியின் கணுவிலேயே வேர் இருக்கும், அதைப் பிரிச்சு நட்டா போதும். உரம்? துளிர் வரட்டும், அப்புறம் மக்கின சாணி எரு.

ஆடிக்காத்தை மறந்துடாதீங்க. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலையைச் சுத்துற காத்து, மொட்டைமாடியில இருக்கிற சின்னப் பையை ஒரே மத்தியானத்தில் உலர்த்திடும். சுவருக்குக் கிழக்குப் பக்கமா வைங்க.

"சந்தையில் கட்டுக் கீரை கிடைக்குதே, எதுக்கு இந்த மெனக்கெடல்?"னு கேப்பீங்க. கிடைக்கிறது எதுன்னு பாருங்க. கட்டுக் கட்டா வர்ற சிவப்புப் பொன்னாங்கண்ணி, தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியா வந்த சீமைச்சரக்கு. நம்ம நாட்டுப் பொன்னாங்கண்ணி பச்சையா, சின்ன இலையோட, கணுவில் வெள்ளைப் பூ வச்சு வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் தானா முளைக்கிறது. 1895-ல் பெரியாறு அணை கட்டினதிலிருந்து தண்ணி பாய்ற வயக்காட்டு ஊர் இது, வரப்புக்கா பஞ்சம்? ஆனா களைக்கொல்லி அடிச்ச வரப்பில் கீரை பறிச்சு சாப்பிட எனக்கு தைரியமில்லை. அதனால நர்சரி மூலையில் அந்தப் பச்சை இலை கண்ணில் பட்டா, எவ்வளவு வாடியிருந்தாலும் தூக்கிட்டு வந்துடுங்க.

அதுக்காக எல்லாத்தையும் காப்பாத்தச் சொல்லலை. சிறுகீரை, தண்டுக்கீரை நாத்து வாடி நின்னா விட்டுடுங்க. தவிச்சுப்போன செடி இலையை விட்டுட்டு பூ வைக்க அவசரப்படும். புது விதை தூவினா 25 நாளில் சிறுகீரை கைக்கு வந்துடும்.

டிஸ்கி: வாங்கின அன்னிக்கு இருந்த இலையைப் பொரியல் பண்ணிடாதீங்க. நர்சரியில் என்ன மருந்து அடிச்சாங்களோ! வெட்டினப்புறம் வர்ற துளிர்தான் சட்டிக்கு.