ஆறு வயசுக் குழந்தைக்கு எதுக்குங்க வீட்டுல பயிற்சி?

மே மாசம் லீவுக்குத் தங்கச்சி மகள் தன் பொண்ணைக் கூட்டிக்கிட்டுச் சென்னையில இருந்து வந்திருந்தாள். பேத்திக்கு 6 வயசு. என்னை அப்புச்சின்னு கூப்பிடுவாள். ஒரு வருஷமா பரதநாட்டியம் கத்துக்கறாள். வந்த மறுநாள் காலையில நான் பால் கறந்துட்டு உள்ள வர்றேன், ஆசாரத்துல மொபைல் "தெய்யா தெய், தெய்யா தெய்"னு சொல்லிக்கிட்டு இருக்குது. குழந்தை அரைமண்டியில உக்காந்து டைல்ஸ் தரையில காலைத் தட்டிக்கிட்டு இருக்காள். கண்ணுல தூக்கம் இன்னும் போகலை.

40 நிமிஷம் நடந்துச்சுங்க. ஒவ்வொரு அடவும் மூணு காலத்துல. முதல் காலம் மெதுவா, ரெண்டாங்காலம் அதுல ரெண்டு மடங்கு வேகம், மூணாங்காலம் அதுக்கும் ரெண்டு மடங்கு. எல்லாம் முடிஞ்சு கடைசியா வீடியோ. க்ளாஸ் குரூப்புக்கு அனுப்போணுமாம். முதல் தடவை கை கீழ இறங்கிருச்சு, அழிச்சாச்சு. ரெண்டாவது தடவை தாளம் தப்பிருச்சு, அழிச்சாச்சு. மூணாவது தடவை தோட்டத்துல மயில் அகவுச்சு, குழந்தை திரும்பிப் பாத்துட்டாள். அதையும் அழிச்சாச்சு.

அன்னிக்குச் சாயந்திரம் எங்க ஊர் மாரியம்மன் கோயில் மைதானத்துல வள்ளி கும்மிப் பழக்கம் இருந்துச்சு. "வா சாமி, போய் ஆடிட்டு வரலாம்"னு கூப்பிட்டேன். குழந்தை கேட்டாள்: "அங்க ஆடினா வீடியோ அனுப்பணுமா அப்புச்சி?" இல்லைன்னேன். "அப்ப தப்பாப் பண்ணினா யாரு சொல்லுவாங்க?" யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க சாமின்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாள். "நான் வரல, கால் வலிக்குது"ன்னுட்டு உள்ள போயிட்டாள்.

கும்மிச் சத்தம் கேட்டா எங்க ஊர்க் குழந்தைங்க சோத்துத் தட்டை வெச்சுட்டு ஓடும். இந்தக் குழந்தைக்கு ஆடப் போறதுன்னா பரீட்சைக்குப் போற மாதிரி ஆயிப்போச்சு. அதனாலதான் இதை எழுதறேன். பட்டணத்துல இருக்கற நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லைங்க.

நான் சொல்றது இதுதான். சின்னக் குழந்தையை, 8 வயசுக்குள்ள இருக்கறதை, வீட்டுல நேரம் குறிச்சு, எண்ணிக்கை வெச்சு அடவு போடச் சொல்றது தப்பு. க்ளாஸுக்கு அனுப்பறது தப்புன்னு சொல்லலை. வீட்டுல ஆடறதும் தப்பில்லை. நாள் பூரா ஆடட்டும். அது விளையாட்டா இருக்கோணும், வீட்டுப்பாடமா இருக்கக்கூடாது.

எதுக்குத் தப்புன்னு சொல்றேன்? முதல் காரணம், பாக்கறதுக்கு ஆள் இல்லை. அரைமண்டின்னா சும்மா முட்டியை மடக்கறது இல்லை. காலை வெளிப்பக்கமாத் திருப்பறது இடுப்புல இருந்து வரோணும். சின்னக் குழந்தைக்கு அது வராது. பாதத்தை மட்டும் வெளிய திருப்பி வெச்சுக்கும், முட்டி உள்பக்கமா மடங்கி நிக்கும். க்ளாஸ்ல வாத்தியார் தட்டுக்கழியைக் கீழ வெச்சுட்டு வந்து திருத்துவாங்க. வீட்டுல யார் திருத்தறது? மொபைலா? அம்மாவுக்கு அடவு தெரியாது. தப்பா நின்னுக்கிட்டே தினமும் நூறு தடவை தட்டினா, நூறு தடவை தப்பைப் பழகறோம்னு அர்த்தம். அடுத்த வாரம் வாத்தியார் அதைக் கழட்டறதுக்கே பாதி நேரம் போயிரும்.

எங்க ஊர்ல காளைக் கன்னை உழவுக்குப் பழக்கறது எப்படின்னு சொல்றேன் கேளுங்க. ரெண்டு பல்லு போடாத கன்னுக்கு நுகத்தடி வெக்கமாட்டோம். பல்லு போட ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். அப்பறமும் நேரா ஏர்ல பூட்டறது இல்லை. பழகின கிழட்டு மாட்டோட ஜோடி சேத்து, வெறும் கட்டையை இழுக்க வெச்சு, பொலபொலன்னு இருக்கற மண்ணுல கொஞ்ச தூரம் நடத்துவோம். கன்னு மூச்சு வாங்கறதுக்கு முன்னாலயே அவுத்து விட்டுருவோம். ஏன்னா, கோணச்சால் ஓட்டிப் பழகின மாடு ஆயுசுக்கும் கோணச்சால்தான் ஓட்டும். அவசரப்பட்டு முன்னாலயே பூட்டினவன் மாடு கழுத்துப் புண்ணோட சந்தைக்குப் போனதை நான் பாத்திருக்கேன். மாட்டுக்கே இத்தனை நிதானம் பாக்கறோம். உங்க பொண்ணுக்குப் பாக்கக்கூடாதா?

ரெண்டாவது, தரை. சிமெண்டு, டைல்ஸ், கிரானைட்டு எதுவும் கொடுத்துப் போகாது. குழந்தை ஓங்கித் தட்டற வேகம் குதிகாலுக்கும் முட்டிக்கும் அப்படியே திரும்பி வரும். வளர்ற வயசுல எலும்பு நுனியில குருத்தெலும்பு இருக்கும், அது இன்னும் கெட்டியாகி இருக்காது. ஒரே இடத்துல ஒரே மாதிரி அடி தினமும் விழுந்தா வலி வராம என்ன செய்யும்? பேத்தி கால் வலிக்குதுன்னு சொன்னப்ப, கும்மிக்கு வராம இருக்கப் பொய் சொல்றாளோன்னு நெனச்சேன். ராத்திரி பாதத்தைப் பாத்தேன். குதிகால் செவந்து கெடந்துச்சுங்க.

"ஓடியாடறது உடம்புக்கு நல்லதுதானே"ன்னு கேப்பீங்க. நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல சின்னக் குழந்தைகளுக்குன்னு ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. 3, 4 வயசுக் குழந்தை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாடோணும், அதுவும் பலவகையாங்கறது அதுல இருக்கற விஷயம். பலவகையான்னா ஓடறது, ஏறறது, தாவறது, உருளறது எல்லாந்தான். ஒரு சதுர டைல்ஸ் மேல நின்னு 40 நிமிஷம் ஒரே காலைத் தட்டறது அந்தக் கணக்குல வராதுங்க.

மூணாவதுதான் பெருசு. ஆசை. வாரம் ரெண்டு நாள் க்ளாஸுக்குப் போய்ப் பத்துக் குழந்தைங்களோட சேந்து ஆடற ஆசையை, மீதி அஞ்சு நாள் வீட்டுல தனியா நிக்க வெச்சுக் கொன்னுடறோம். பத்துப் பதினொரு வயசுல பாதிப் பொண்ணுங்க "எனக்கு டான்ஸ் வேண்டாம்"னு நிறுத்தற கதையை எத்தனை வீட்டுல கேட்டிருப்பீங்க. அப்ப டியூஷனையும் படிப்பையும் காரணமாச் சொல்லுவாங்க. ஆசை இருந்தா படிப்புக்கு நடுவுலயும் நேரம் தானா கெடைக்கும்.

இதெல்லாம் தங்கச்சி மகள்கிட்ட நேராவே சொன்னேன். அவள் சும்மா இருக்கலை. "மாமா, சின்ன வயசுல பிடிக்காம எந்தக் கலை வந்திருக்கு? பாலசரஸ்வதி 4 வயசுல ஆரம்பிச்சாங்க, 7 வயசுல அரங்கேற்றம்"னாள். வாஸ்தவம். கந்தப்ப பிள்ளைகிட்டக் கத்துக்கிட்டு 1925-ல காஞ்சிபுரத்துல அம்மன் கோயில்ல அரங்கேறினவங்க. வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு. ஆனா அந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்க. பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாடறவங்க, மகள் ஆட்டத்துக்கு அவங்களே பாடினவங்க. அந்த வீட்டுல குழந்தை அழுதாக்கூட யாராவது ஒருத்தர் சுருதி பாத்திருப்பாங்க. வாத்தியார் நேர்ல நின்னு பாத்தார். அங்க நடந்ததுக்கும், அம்மா அடுப்பங்கரையில தோசை ஊத்திக்கிட்டே "இன்னும் பத்து தடவை"ன்னு சத்தம் போடறதுக்கும் ஒரே பேரு வெக்காதீங்க.

அப்பத்தான் அவள் ஒண்ணு சொன்னாள். அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை. "எனக்குப் பத்து வயசுல ஆசையா இருந்துச்சு மாமா. ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடறேன்னு கேட்டேன். அப்பா வேண்டாம்னாரு. நீங்களும் பக்கத்துல நின்னு, ஆடிக்கிட்டுத் திரியற வேலை நமக்கெதுக்குன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்குது. நான்தான் சொன்னேன். நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடையேறக் கூடாதுன்னு பேசின ஊரு இது. ஆடறதையே தொழிலா வெச்சிருந்த பொம்பளைங்களை இழிவாப் பேசின வாய் எங்களோடது. என் சின்ன வயசுல வள்ளி கும்மிகூட எங்க ஊர்ல ஆம்பளைங்கதான் ஆடுவாங்க, பொம்பளைங்க ஓரமா நின்னு பாப்பாங்க. இன்னிக்கு அந்த மைதானத்துல பொம்பளைங்கதான் அதிகம், எங்க வீட்டு அம்மாவும் ஆடறாங்க. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, அதை அவள்கிட்டயும் ஒத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணும் சொன்னேன். "உன்னை ஆடக்கூடாதுன்னு நாங்க கட்டாயப்படுத்தினோம். உம்மகளை ஆடித்தான் தீரோணும்னு நீ கட்டாயப்படுத்தறே. அன்னிக்கு உன்னை யாரும் கேக்கலை கண்ணு. இன்னிக்கு அவளையும் யாரும் கேக்கலை." அவள் எந்திரிச்சுப் போயிட்டாள்.

கும்மி எப்படிப் பழக்கறாங்கன்னு பாத்தா நான் சொல்றது விளங்கும். ராத்திரி மண் தரையில எல்லாரும் கூடுவாங்க. வாத்தியார் நடுவுல நின்னு, முருகன் வள்ளியைக் கட்டின கதையைப் பாடுவார். பெரியவங்க அடி எடுத்து வைப்பாங்க. குழந்தைங்க வால் பக்கம் நின்னு பாத்துப் பாத்து ஆடும். தப்பா ஆடும், ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கும், சிரிக்கும். தூக்கம் வந்தா போய் ஆயா மடியில படுத்துக்கும். வீட்டுல போய் ஆடிப் பாருன்னு யாரும் சொல்றது கிடையாது. ஆனா மறுநாள் பாத்தா, அதுங்களே வாசல்ல நின்னு ஆடிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரித் தானா வர்றதுதான் வீட்டுப் பயிற்சி. கும்மி ஒசத்தி, பரதம் மட்டம்னு நான் பேச வரலை. இப்ப கும்மியிலயும் யூனிஃபார்ம், வீடியோன்னு அதே நோய் தலை காட்டுது. அதையும் திட்டித்தான் ஆகோணும்.

சும்மா குத்தம் சொன்னா போதாதுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். க்ளாஸ் முடிஞ்சு வந்தா, "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே, காட்டு"ன்னு ஒரு தடவை கேளுங்க. காட்டினா உக்காந்து பாருங்க, போனைத் தள்ளி வெச்சுட்டு. காட்டலைன்னா விட்டுருங்க. கையில தாளம் போட்டு நீங்களும் சொல்லுக்கட்டைச் சொல்லிப் பாருங்க, குழந்தைக்கு அதுவே பெரிய சந்தோஷம். பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், அதுக்கு ஆசை தீர்றதுக்கு முன்னால நிறுத்துங்க. வெறும் டைல்ஸ்ல ஓங்கித் தட்ட விடாதீங்க. முட்டியோ குதிகாலோ ரெண்டு நாளைக்கு மேல வலிக்குதுன்னா நடிக்கிறான்னு நெனைக்காம, ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்டக் காட்டுங்க, வாத்தியார்கிட்டயும் சொல்லுங்க. வீடியோ அனுப்பச் சொல்ற வாத்தியார்கிட்ட, "நேர்ல பாத்துத் திருத்துங்க, வீட்டு வேலை வேண்டாம்"னு சொல்ற தைரியம் உங்களுக்கு வேணும். காசு கட்டறது நீங்கதானே? குழந்தை வளந்து, எனக்கு இன்னும் பழகோணும்னு அதுவே கேக்கற நாள் வரும். அன்னிக்கு விடிகாலையில கூட எழுப்பி விடுங்க, நானே பால் காச்சித் தர்றேன்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் பேத்தி கும்மிக்கு வந்தாள். ஆடலை. என் துண்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காந்து பாத்தாள். பக்கத்து வீட்டுப் பொண்ணு ரெண்டு தடவை வந்து கையைப் பிடிச்சு இழுத்தும் எந்திரிக்கலை. ஆனா மடியில வெச்சிருந்த கை மட்டும் தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது அணைஞ்சு போறதுக்குள்ள அவ அம்மாவுக்குப் புரியோணும்.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். காலைப் பயிற்சி இப்ப 20 நிமிஷமாம். மகள் இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்காளாம். இருக்கட்டும். இதையும் படிப்பாள்னு தெரிஞ்சேதான் எழுதறேன்.