‘ஜெனரிக்’ என்று திரையில் வந்தால்

ஆன்டிவைரஸ் காட்டும் பெயரில் ‘ஹியூர்’ என்றோ ‘ஜெனரிக்’ என்றோ இருந்தால், நம் சேவை மேசைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. கோப்பை அழித்து, ‘வைரஸ் போயிடுச்சு’ என்று கணினியைத் திருப்பிக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால், ‘சும்மா கத்துது சார்’ என்று அந்த ஃபோல்டரையே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். முன்னதில் விசாரணை இல்லை. பின்னதில் காவலும் இல்லை.

புனேயில் ஆன்டிவைரஸ் தொழிலே இப்படிப்பட்ட பழுதுபார்க்கும் மேசையில்தான் பிறந்தது. கால்குலேட்டர் பழுதுபார்த்து வந்த கைலாஷ் காட்கரின் கடைக்கு வந்த கணினிகளில் வைரஸ் தொல்லை பெருகியது. கல்லூரியில் கணினியியல் படித்த தம்பி சஞ்சய் அதற்கு நிரல் எழுதினார். 1990களின் நடுவில் குவிக் ஹீல் உருவானது அப்படித்தான். அன்றைக்கு வைரஸுக்கு ஒரு முகம் இருந்தது; அதன் அடையாளத்தைப் பிடித்தால் மருந்து எழுதிவிடலாம். இன்று ஒரே நச்சுநிரல் ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு பொட்டலமாக வந்து இறங்குகிறது. அதனால் ஆன்டிவைரஸ் முகத்தை விட்டு நடத்தையைப் பார்க்கத் தொடங்கியது. கோப்பு சுருக்கி மறைக்கப்பட்டிருக்கிறதா, இன்னொரு நிரலின் நினைவகத்தில் எழுதப் பார்க்கிறதா, டிஜிட்டல் கையொப்பம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, எல்லை தாண்டினால் கூவுகிறது. ஹியூரிஸ்டிக் என்பது இந்தக் கணக்குதான். பிழையே இல்லாமல் எல்லா வைரஸையும் பிடிக்கும் நிரல் சாத்தியமில்லை என்று ஃபிரெட் கோஹன் 1980களிலேயே நிறுவிவிட்டார். கணக்கு சில நேரம் தப்பத்தான் செய்யும்.

2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் குரோம், எட்ஜ் போன்ற நல்ல செயலிகளையே ‘ஹைவ்’ என்ற பெயரில் நச்சாகக் காட்டியது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் இப்படிப்பட்ட அனுபவம்தான் நம்மவர்களை விலக்குப் பட்டியலின் பக்கம் தள்ளுகிறது.

மறுபக்கத்தையும் இந்த ஊரே பார்த்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் ஏடிஎம் ஸ்விட்சைக் குறிவைத்த நச்சுநிரல், பணம் எடுக்கும் கோரிக்கைகளுக்கு வங்கிக்குப் பதிலாகத் தானே ஒப்புதல் தந்தது. மூன்று நாளில் 94 கோடி ரூபாய்க்கு மேல் போனது. 28 நாடுகளில் ஏடிஎம்கள் பணத்தைக் கொட்டின. ஓர் இலக்குக்கென்றே தைத்த நிரல் பழைய அடையாளப் பட்டியலில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. நடத்தையைப் பார்க்கும் கண் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

புனேயை ஒட்டிய போசரி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக் கணினியை எடுத்துக்கொள்வோம். எச்சரிக்கை, சிஎன்சி மென்பொருளோடு வந்த பழைய டாங்கிள் டிரைவர் மீது. பல ஆண்டாக அதே இடத்தில், அதே தேதியோடு இருக்கும் கோப்பு. ஹாஷ், தயாரிப்பாளரின் மூலக் கோப்போடு ஒத்துப்போகிறது. இது பொய் எச்சரிக்கை. ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பி, அந்த ஒரு கோப்பின் ஹாஷுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும். அதே பட்டறையின் கணக்குப் பிரிவுக் கணினியில், ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் நேற்று மாலை பிறந்த, கையொப்பமில்லாத ஒரு கோப்பு. அதை இறக்கியது பவர்ஷெல். பவர்ஷெல்லை எழுப்பியது வேர்டு ஆவணம். இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். இரண்டு எச்சரிக்கைகளும் திரையில் ஒரே பெயரில் வரலாம். வேறுபாட்டைச் சொல்வது கோப்பின் இருப்பிடமும் வயதும், அதைப் பெற்றெடுத்த நிரலும்தான்.

கோப்பு குவாரண்டைனில் போனதோடு நீக்கம் முடிந்துவிடுவதில்லை. அதை மறுபடி எழுப்பும் ஆள் எங்காவது உட்கார்ந்திருப்பான்: டாஸ்க் ஷெட்யூலரில் ‘அப்டேட்’ என்ற அப்பாவிப் பெயரில், ரெஜிஸ்ட்ரியின் ரன் கீயில், சர்வீஸ் பட்டியலில், அரிதாக டபிள்யூஎம்ஐ பதிவில். ஆட்டோரன்ஸை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கணினியைத் திருப்பித் தரக்கூடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து அவற்றை மாற்றச் சொல்லுங்கள். நச்சுநிரலுக்கு அட்மின் உரிமை கிடைத்திருந்தால், துப்புரவில் நேரம் கடத்தாமல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

இன்னொன்று: வைரஸ்டோட்டலில் ஹாஷைத் தேடுங்கள், வாடிக்கையாளரின் ஆவணத்தை ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றியதைச் சந்தாதாரர்கள் இறக்கிக்கொள்ள முடியும். அவசரத்தில் சம்பளப் பட்டியலே ஊருக்குப் போய்விடும்.

இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவின்படி, நச்சுநிரல் தாக்குதல் போன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். கணினி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். முதல் வேலையாகக் கோப்பை அழித்துவிட்ட சேவைக்காரரிடம் தெரிவிப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஆகவே சேவை ரசீதில் ‘வைரஸ் நீக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியை விடுங்கள். எச்சரிக்கையின் முழுப்பெயர், கோப்பின் பாதை, ஹாஷ், நேரம், அதை எழுப்பிய நிரல், நீங்கள் செய்தது, இத்தனையும் எழுதி ஒரு நகலை வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.