சூடான்: மருந்து கிடைத்தாலும் அடங்காத காலா அஸார்

சூடான் என்றதும் நம் நினைவுக்கு வருவது குண்டுவீச்சும் அகதி முகாமும்தான். 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் மோதல் வெடித்ததிலிருந்து இந்தக் காட்சிகளையே பார்த்து வருகிறோம். கேமரா போகாத இடத்தில் இன்னொரு சாவும் நடக்கிறது. அதன் பெயர் காலா அஸார். உருது அறிந்தவர்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை: கறுப்பு நோய். சிகிச்சை கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் இறந்துவிடுவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த நோய்க்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டோனவன், நோயாளியின் மண்ணீரலில் இதன் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் ராணுவ மருத்துவர் லெய்ஷ்மனும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு 'லெய்ஷ்மேனியா டோனவானி' என்று பெயரிட்டார்கள்.

கொசுவைவிடச் சிறிய மணல் ஈ கடிக்கும்போது இந்த ஒட்டுண்ணி உடலுக்குள் நுழைகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் இதையும் விழுங்குகின்றன. ஆனால் இது சாவதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் தங்கிக்கொள்வது போலத்தான். உடலில் எதிர்ப்பொருள்கள் ஏராளமாக உற்பத்தியாகும். ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை அவற்றால் எட்ட முடியாது. டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை அனுப்பி, "உன் உள்ளே இருப்பதைக் கொல்" என்று காவல் செல்லைத் தூண்டினால்தான் வேலை நடக்கும். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் நோயில் விழாமல் தப்புவது இப்படித்தான். பட்டினியால் மெலிந்த குழந்தைக்கும் எச்.ஐ.வி. உள்ளவருக்கும் இந்த ஏற்பாடு சரிவர இயங்குவதில்லை. வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கும், ரத்தம் வற்றும்.

மருந்து ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கிறது. மிச்சத்தை அடக்கி வைப்பது உடலின் பொறுப்பு. நூறாண்டாகப் பயன்படும் ஆன்டிமனி மருந்தே இதற்குச் சான்று: டி செல்கள் இல்லாத எலிகளிடம் அது பெரிதாக வேலை செய்யவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

"எத்தனை குப்பி மருந்து அனுப்பினோம்" என்ற கணக்கோடு நிவாரணப் பேச்சு முடிந்துவிடுவது இதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

நோய் அதிகமுள்ள கெதாரிஃப் மாகாணம் கரிசல் மண் பூமி. எள்ளும் சோளமும் விளையும் வயல்கள், வெடித்த நிலம், முள்மரக் காடு. மணல் ஈக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் வத் மதனி நகரம் வீழ்ந்தபோது தப்பி ஓடியவர்களில் ஏராளமானோர் இந்தப் பகுதிக்குத்தான் வந்தார்கள். இந்த ஒட்டுண்ணியை முன்பு சந்தித்திராத உடல்கள், அதோடு பசி. தெற்கு சூடானின் மேற்கு அப்பர் நைல் பகுதியில் 1984 முதல் பத்தாண்டு உள்நாட்டுப் போரின் நடுவே இதேதான் நடந்தது. சுமார் 2,80,000 பேர் வாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ 1,00,000 பேர் இந்த நோயால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

வங்கதேசம் ஜெயிக்கவில்லையா என்று கேட்கலாம். உண்மைதான். 2023 அக்டோபரில், காலா அஸாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக அது அங்கீகரிக்கப்பட்டது. அங்கே லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு தவணை, ஒரே நாளில் வேலை முடிந்தது. அதே ஒற்றைத் தவணையைச் சூடானிலும் எத்தியோப்பியாவிலும் சோதித்தபோது போதிய பலன் கிடைக்கவில்லை. தவிர, அந்த மருந்தை 25 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மின்சாரமே இல்லாத முகாமில் அது எப்படி முடியும்? ஆகவே அங்கே வழக்கமான சிகிச்சை, 17 நாட்கள் தினமும் இரண்டு ஊசி. சாலை மூடிக்கிடக்கும் ஊரில் ஒரு தாய் 17 நாட்கள் குழந்தையோடு மருத்துவமனையில் தங்க வேண்டும். வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்கள்?

குணமான பிறகும் கதை முடிவதில்லை. சூடானில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில மாதங்களில் முகத்திலும் கைகளிலும் தடிப்புகள் தோன்றுகின்றன. இந்தியத் துணைக்கண்டத்தில் இது மிகக் குறைவு. மீண்டெழும் எதிர்ப்பு சக்தி தோலில் எஞ்சிய ஒட்டுண்ணிகளோடு மோதுவதன் அடையாளம் இது. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆறும்வரை அந்தத் தோலைக் கடிக்கும் மணல் ஈ நோயை அடுத்தவருக்குக் கொண்டுபோகலாம்.

சூடான், எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா நான்கிலும் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல செய்தி சொல்கிறது: மில்டெஃபோசின் மாத்திரையும் தினம் ஒரு பாரோமோமைசின் ஊசியுமாக 14 நாட்களில் சிகிச்சையை முடிக்கலாம், குணமாகும் விகிதம் சுமார் 91 சதவீதம், பழைய முறைக்கு இணையானது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்த மாத்திரை ஆகாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் வாந்தி வரும் என்பதால், உணவோடுதான் கொடுக்க வேண்டும்.