கைகாவைப் பற்றி பெங்களூரும் பேசட்டும்

பெங்களூருக்கு மின்சாரம் என்றைக்குமே தூரத்துச் சரக்குதான். 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. ஏராளமான தமிழர்கள் உழைத்த அந்தச் சுரங்கங்களுக்குப் பிறகே, 1905-ல், பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. அடுத்து சராவதி, அதன் பின் காளி ஆறு. 2000-ல் அந்தக் காளிக் கரையிலேயே அணுமின்சாரமும் வந்து சேர்ந்துகொண்டது.

உத்தர கன்னட மாவட்டத்தின் மலைக்காட்டுக்குள் இருக்கிறது கைகா. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். தலா 220 மெகாவாட் திறனுள்ள நான்கு உலைகள் அங்கே இருக்கின்றன. தென்மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும் இந்த மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது தலா 700 மெகாவாட்டில் இன்னும் இரண்டு உலைகள் வரப்போகின்றன. 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது.

கைகாவின் முதல் உலைக்கு விசித்திரமான ஜாதகம். 1994 மே 13 அன்று, கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, உலைக் கட்டடத்தின் உள் குவிமாடத்திலிருந்து நூறு டன்னுக்கும் மேலான கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். உலையில் எரிபொருள் இன்னும் ஏற்றப்படாததால் கதிர்வீச்சு என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது. காரணம் இதுதான்: குவிமாடத்துக்குள் ஓடும் எஃகு வடங்களை இழுத்து இறுக்கும்போது கான்கிரீட்டைப் பிளக்கும் விசை உண்டாகும். அதற்கு வடிவமைப்பில் போதிய இடம் கொடுக்கப்படவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வேலையை நிறுத்தியது. குவிமாடம் புதிதாக வடிவமைக்கப்பட்டது. தாமதம் எவ்வளவு என்றால், தம்பியான இரண்டாம் உலை 2000 மார்ச்சில் முந்திக்கொள்ள, அண்ணன் அந்த ஆண்டு நவம்பரில்தான் வணிக உற்பத்திக்கு வந்தார்.

அதே முதல் உலை 2016 மே 13 அன்று ஓடத் தொடங்கி, 962 நாள் நிற்காமல் ஓடியது. பிரிட்டனின் ஹேஷம் உலை 940 நாள் ஓடி வைத்திருந்த உலக சாதனையை 2018 டிசம்பரில் அது முறியடித்தது. (பிறகு கனடாவின் டார்லிங்டன் உலை அதையும் தாண்டிவிட்டது.) இயற்கை யுரேனியத்தில் ஓடும் இந்தக் கனநீர் உலைகளில், உலையை அணைக்காமலே பழைய எரிபொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். அதனால்தான் இத்தனை நீண்ட ஓட்டம் கைகூடுகிறது. இருந்தாலும், பராமரிப்பு சொதப்பலாக இருந்தால் 962 நாள் வராது. கைகாவின் பொறியாளர்களுக்கு அந்தப் பாராட்டைத் தந்தே ஆகவேண்டும்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2009 நவம்பரில், கதிர்வீச்சுள்ள ட்ரிட்டியம் கலந்த கனநீரை யாரோ குடிநீர்க் குளிரூட்டியில் கலந்துவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரியவந்தது. உள்ளே இருந்த ஒருவரின் வேலைதான் என்றது நிர்வாகம். சோதனை முறை சரியாக வேலை செய்ததால்தான் விஷயம் பிடிபட்டது என்பது உண்மை. ஆனால் குவிமாடமே காக்க முடியாத ஓட்டை ஒன்று மனிதர்கள் வழியாகத் திறக்கும் என்பதும் உண்மை.

உலக சாதனை முறியடிக்கப்பட்ட அதே 2018 டிசம்பரில் புதிய உலைகளுக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கைகா பகுதியில் நடந்தது. வந்தவர்கள் புற்றுநோய் அச்சத்தையும், வெட்டப்படப்போகும் மரங்களையும், ஏற்கெனவே அணைகளுக்குப் பறிகொடுத்த நிலங்களையும் பேசினார்கள். எதிர்ப்பு அங்கே புதிதல்ல. ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த், கைகாவை எதிர்த்தே 1989-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மக்களவைத் தேர்தலில் நின்றார். தோற்றார்.

அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பெங்களூர் எங்கே? சட்டப்படி அது வரத் தேவையில்லை. 2006-ன் சுற்றுச்சூழல் அறிவிக்கை, திட்டம் அமையும் மாவட்டத்தில் கருத்துக் கேட்டால் போதும் என்கிறது. ஆனால் காவிரி நீரை நூறு கிலோமீட்டர் தூரம் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கிற ஊர் இது; மின்சாரம் நின்றால் குழாயும் நின்றுவிடும். அதிகம் வாங்குகிறவருக்குக் கேள்வி கேட்கும் பொறுப்பு இல்லையா? ஐந்தாம், ஆறாம் உலைகளைத் தடுக்க வேண்டும் என்பதல்ல இந்தப் பத்தியின் வாதம். நிலக்கரியின் புகையைப் பார்க்கும்போது அணுமின்சாரத்துக்கு நியாயம் இருக்கிறது. 2047-க்குள் நாடு முழுவதும் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட் இலக்கு வைத்திருக்கிறது. இன்று இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் கூடும்போது கண்காணிப்பும் கூட வேண்டும்.

கத்ரா அணையின் நீர்த்தேக்கத்தில்தான் கைகா தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 2019 ஆகஸ்டில் அதே அணையைத் திறந்துவிட்டபோது கீழேயுள்ள ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அப்படியொரு மழைநாளில் உலையில் அவசரம் என்றால் அருகிலுள்ள மல்லாபூர் மக்கள் எந்தச் சாலை வழியாக வெளியேறுவார்கள்? நீர்த்தேக்கத்தின் வெப்பநிலை, சுற்றுவட்டாரத்தின் கதிர்வீச்சு அளவு, புற்றுநோய்ப் பதிவு மூன்றும் கன்னடத்தில் மாதந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்படுமா? இவற்றை, கைகாவை நடத்தும் இந்திய அணுமின் கழகத்திடம் கேட்க, பெங்களூர் டவுன் ஹாலில் ஒரு கூட்டம் போடலாம். கைகாவை அடுத்த கார்வாரிலிருந்து வருகிறவர்களை முதலில் பேச விடவேண்டும்.