ஒலிக்கூடம் யாருக்குச் சொந்தம்?

புணேயில் இன்று திரைப்படக் கல்லூரி இயங்கும் வளாகம் ஒருகாலத்தில் பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம். பாபுராவ் பெயிண்டரிடம் ஊழியராயிருந்த சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர் ஆகியோர், முதலீட்டுக்குக் குல்கர்ணியையும் சேர்த்துக்கொண்டு 1929இல் கோலாப்பூரில் தொடங்கி, 1933இல் இங்கு கொணர்ந்த நிறுவனம் அது. ஒலிப்பதிவைக் கவனித்த தாம்லே அதன் பங்காளிகளுள் ஒருவர். தமிழ்த் திரையிசை வரலாற்றில் இத்தகைய ஏற்பாடு அரிது என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது.

இளையராஜாவை எடுத்துக்கொள்வோம். பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரி மேடைகள் வழியாகச் சென்னை வந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். சலில் சௌத்ரி போன்றோரின் பதிவுகளில் கிட்டார் வாசித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள், எல்.வி. பிரசாத் ஒதுக்கித் தந்த அறையே அவருடைய பணியிடம். அந்த அறையை விட்டு வெளியேறும் நிலை வந்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தம் பொருள்களை எடுத்துக்கொள்வதற்கே 2020 டிசம்பரில் நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டது.

அந்நாள்களில் இணையத்தில் நடந்த விவாதம் நன்றி, நன்றிகேடு என்னும் இரு சொற்களுக்குள் சுருங்கிப்போனது. இடம் உரிமையாளருடையது என்பதில் சட்டப்படி பெரிய ஐயமில்லை. ஆயினும் அவ்வறையின் மதிப்பு எதனால் உருவாயிற்று? சுவர்களாலா, அங்கே எழுதப்பட்ட இசைக்குறிப்புகளாலா? உழைப்பால் விளைந்த மதிப்பைப் பெருந்தன்மையின் மொழியில் மட்டும் பேசுவது ஆய்வாளர்க்கு அழகன்று.

2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில், எம்.எம். பிரிவியூ தியேட்டர் இருந்த இடத்தில், அவர் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். இதற்கு வியப்பூட்டும் இணை அமெரிக்காவில் உண்டு. பிறர் பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்துப் பிழைத்த கன்ட்ரி இசைக்கலைஞர் பக் ஓவன்ஸ், பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். தம் மூலப்பதிவுகளின் உரிமை தமக்கே திரும்பிவர வேண்டுமென்றும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். (கன்ட்ரி என்றாலே தொப்பியும் குதிரையும் என எண்ணும் நண்பர்கள் இந்த வணிகக் கூர்மையையும் கவனிக்கலாம்.) ஓவன்ஸ் நடுவயதிற்குள் அடைந்ததை இளையராஜா எழுபத்தேழு வயதில் அடைந்தார். இந்தக் காலதாமதத்தைத் தனிமனிதக் குணத்தால் விளக்கிவிட முடியாது. இசையமைப்பாளர் பாடலுக்கு ஊதியம் பெறுபவர், ஒலிநாடா பிறருடைய சொத்து என்ற நடைமுறைதான் அதன் வேர். ரஹ்மான் தொடக்கத்திலேயே வீட்டோடு பஞ்சதன் கூடத்தை அமைத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

ஆனால் கோடம்பாக்கக் கூடத்தின் சாவி ஓர் இசையமைப்பாளரின் கையில் இருப்பதால், அங்கே வயலினும் கிட்டாரும் வாசிப்போரின் நிலை மாறிவிடுமா? ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுச் செல்வோர் அவர்கள். இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். அரைநூற்றாண்டுக்கு முன் இளையராஜாவும் அமர்ந்திருந்த நாற்காலிகள் அவை. அவர்களுடைய பெயர்ப்பட்டியலையேனும் நாம் இன்னும் முழுமையாகத் தொகுக்கவில்லை.