மெடல் வாங்கின அம்மாவும் விளக்குக் கொளுத்தேலாத அம்மாவும்

1995 ஏப்ரல் 28, 29. அடுத்தடுத்த இரண்டு நாட்களில், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில இருக்கிற பலாலித் தளத்துக்கு அண்மையில் இரண்டு அவ்ரோ விமானங்களைப் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள். தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். போரில் இறந்தவர்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் கொடுக்கவென்றே அரசிடம் 'தேச புத்ர சம்மானய' என்று ஒரு பதக்கம் இருக்கிறது. தெற்கில எத்தனையோ வீடுகளில், மாலை போட்ட படத்துக்குக் கீழ அப்படி ஒரு உலோகத்துண்டு இருக்கும்.

அந்த மெடலோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளையைக் குடுத்த தாய் அதைத் துடைச்சு வைக்கட்டும். விமானம் விழுந்த செய்தியை இண்டைக்கும் சிரிப்புப் படம் போட்டுப் பகிர்கிற எங்கட ஆக்களுக்குத்தான் முதல்ல சொல்ல வேணும்: அதில போனவர்கள் எல்லாரும் போரைத் தொடக்கி வைச்சவர்கள் இல்லை. சம்பளத்துக்குப் படையில சேர்ந்த கிராமத்துப் பெடியள் அதில நிறையப் பேர்.

என்ர கோபம் மெடலைக் குத்திவிடுகிற கையோடுதான்.

அதே 1995 ஒக்ரோபரில் 'ரிவிரெச' தொடங்கினது. நாங்கள் 'சூரியக்கதிர்' எண்டு சொல்லுவம். ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள, லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடவடிக்கையில் இருந்த படையினருக்கு அரசு அதே பெயரில் ஒரு பதக்கம் வெளியிட்டது. 2009இல் முடிந்த போருக்கு 'வடக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம்'. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்ன போருக்கு வைச்ச பெயர் இது. எங்கட இடப்பெயர்வும் எங்கட சாவும் இன்னொருவரின் நெஞ்சில் நாடாவோடு தொங்குகிறது, அதுவும் 'மனிதாபிமானம்' எண்ட பெயரில.

மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. கோப்பாய் துயிலும் இல்லத்தை இராணுவம் இடிச்சுத் தள்ளினது. 2011இல் அதே நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. சீருடையில் இருக்கிற பிள்ளையின் படத்தைப் புதைச்ச, எரிச்ச வீடுகள் எங்கட ஊர்களில எத்தனை! 2021 மே 18இல் கிரான் கடற்கரையில் விளக்குக் கொளுத்தப் போன பத்துப் பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிச்சு மாதக்கணக்கில் உள்ள வைச்சிருந்தார்கள்.

ஆனால் திருகோணமலை நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போரில் செத்த பிரித்தானியக் கடற்படையினரும் விமானப்படையினரும் கிடக்கிற மயானம் இருக்கு. புல்லு வெட்டி, பூச்செடி நட்டு, பெயர் பொறிச்ச கல்லோடு இருக்கு. எங்களை ஆண்டவனின் பிள்ளைக்கு இந்த மண்ணில் கல்லு நிக்கலாம். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ஏலாது. அந்த மயானத்தைப் பராமரிக்கிற பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணையம், இறந்தவர்கள் எல்லாரும் சமம் என்ற கொள்கையோடு 1917இல் தொடங்கினது. அதுவே முதலாம் உலகப்போரில் செத்த இந்தியர்களையும் ஆபிரிக்கர்களையும் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருசம் பிந்தியாவது கேட்டது.

"தோத்த பக்கத்துக்கு எந்த நாடு மெடல் குடுக்கும்?" எண்டு கேட்பார்கள். எங்கட அம்மாமார் ஒருத்தரும் மெடல் கேக்கேல்லை. கல்லறையை உழாதே, படத்தைப் பறிக்காதே, விளக்கை ஊதாதே எண்டுதான் கேக்கினம். இதுக்குக் காசும் தேவையில்லை, பாராளுமன்றத்தில மூன்றில் இரண்டும் தேவையில்லை.

எங்களிட்டையும் ஒரு கேள்வி. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில இருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். புலிகள்தான் சுட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அரசும் அவர்களுக்கு மெடல் குடுக்கேல்லை, நாங்களும் மேடை போட்டு விளக்குக் கொளுத்தேல்லை. நவாலித் தேவாலயத்தில் 1995 யூலை 9 விமானக் குண்டில் செத்தவர்களை வருசா வருசம் நினைக்கிற நாங்கள், இவர்களை ஏன் விட்டம்? எந்தச் சாவு எங்கட கதைக்கு உதவும் எண்டு பார்த்துத்தான் அழுகிறம் எண்டால், மெடல் குத்துகிற அரசின் கணக்கும் எங்கட கணக்கும் ஒண்டுதான்.

இண்டைக்குக் காங்கேசன்துறையில இராணுவம் நடத்துகிற விடுதியில கடலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். பலாலியில இறங்குகிற பயணியை மாலை போட்டு வரவேற்கலாம். இதெல்லாம் நல்லிணக்கம் எண்டு எங்களுக்குக் காட்டாதேங்கோ. கோப்பாயில இருந்து படை வெளியேறட்டும், நிலத்தைப் பெற்றோரிடம் குடுங்கோ. நினைவேந்தலுக்குப் பயங்கரவாதச் சட்டத்தைத் தூக்குகிறதை நிப்பாட்டுங்கோ. அந்த இரண்டு பதக்கங்களின் பெயரையும் மாத்துங்கோ. பிறகு வாங்கோ, தெற்கிலயும் வடக்கிலயும் பிள்ளையைக் குடுத்த அம்மாமாரை ஒரே வாங்கில இருத்திக் கதைப்பம்.