தண்ணீரைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்



நம் சபையின் இளங்குடும்பங்கள் சில, வருகிற ஜூலை மாதத்தில் நமீபியா நாட்டுக்குச் சென்று, வாகனங்களை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டி அந்நாட்டைச் சுற்றிவரத் தீர்மானித்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையிலுள்ள பாலைவன நாடு அது. அவர்களுடைய ஏற்பாடுகளைக் குறித்து நம்மிடையே இருவிதமான பேச்சு எழுந்தது. பெரியவர்களில் சிலர், "ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். இத்தனை கணக்கும் காப்பீடும் எதற்கு?" என்றார்கள். இளையவர்களோ, எட்டு நாட்களுக்குள் நாட்டின் எல்லா மூலைகளையும் கண்டுவிடும்படி மணிக்கணக்காகப் பிரித்து ஓர் அட்டவணை எழுதினார்கள். இந்த இரண்டு மனநிலைகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும், இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது என்பது என் கருத்து. போகப்போகிற நிலம் என்ன சொல்லுகிறது என்று இரண்டுமே கேட்கவில்லை.

முதலில் அந்த நிலத்தை அறிந்துகொள்வோம். நமீபியாவின் பரப்பளவு ஏறத்தாழ 8,24,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம். அங்கே வாழ்கிற மக்களோ 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 30 லட்சம் பேர்தான். மேற்கே கடலோரம் முழுவதும் நமீப் பாலைவனம், கிழக்கே கலஹாரி. 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்ற இந்நாட்டில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அவர்களுள்ளும் லுத்தரன் சபையார் மிகுதி. ஆகவே நம் பிள்ளைகள் அங்கே அந்நியர்களாகப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையில் உடன் விசுவாசிகளின் நடுவில் அமரலாம்.

அந்நாட்டின் வரைபடத்தை விரித்து ஊர்ப்பெயர்களின் பொருளை ஒவ்வொன்றாகக் கேட்டுப்பாருங்கள். தலைநகராகிய விண்ட்ஹூக்கை ஹெரேரோ மக்கள் ஒட்ஜோமுயிஸே என்கிறார்கள். நீராவி எழும் இடம் என்று பொருள். அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளால் உண்டான பெயர் அது. செந்நிற மணற்குன்றுகளுக்கு வாசலாக இருக்கிற ஊர் செஸ்ரீம். ஆறு வார்கள் என்று பொருள். அங்குள்ள ஆழமான மலைப்பிளவின் அடியில் தேங்கிய தண்ணீரை மொள்ள, தோல் வார்கள் ஆறினை ஒன்றோடொன்று முடிச்சிட்டு இறக்கவேண்டியிருந்ததாம். பழங்காலப் பாறைச் செதுக்கல்களுக்காக 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் ட்வைஃபெல்ஃபொன்டெய்ன். அதன் பொருள் சந்தேகத்துக்குரிய ஊற்று. அங்கே குடியேறிய விவசாயி ஒருவர், இந்த ஊற்று நிலைக்குமோ நிலைக்காதோ என்று ஐயுற்றதால் வந்த பெயர். அந்நாட்டு மனிதர் தண்ணீரைக் கணக்கிட்டே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை இப்பெயர்களே சாட்சியிடுகின்றன. விண்ட்ஹூக் நகரம் 1968-ஆம் ஆண்டிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராக்கத் தொடங்கியது; உலகில் இதை முதன்முதலாகச் செய்த நகரம் அதுவே.

இத்தகைய நாட்டில் திட்டமிடுதல் அவிசுவாசமாகுமா? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் நம் ஆண்டவரே. தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்றபோது, தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்குத்தத்தத்தைக் காட்டிக் குதிக்கச் சொன்னவன் யார் என்பதையும், அவர் குதிக்க மறுத்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஸ்டெப்னியைச் சரிபார்க்காமல் பாலைவனச் சாலையில் இறங்கிவிட்டு, அதை விசுவாசம் என்று அழைப்பது அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

ஆகையால் பயணம் போகிறவர்களுக்குச் சில காரியங்களைத் திட்டவட்டமாகச் சொல்லுகிறேன். அங்கே நம் நாட்டைப்போலவே சாலையின் இடப்புறமாக ஓட்டவேண்டும். அது நமக்கு எளிது. ஆனால் பெருஞ்சாலைகளை விட்டு விலகினால் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். அவை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் வேகமாக ஓட்டும்படி ஆசை காட்டும். அந்த ஆசையே ஆபத்து. சரளையின்மேல் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைவு. திடீரென்று பிரேக்கை மிதித்தாலோ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலோ வாகனம் சறுக்கிக் கவிழ்ந்துவிடும். வேறெந்த வாகனமும் மோதாமலேயே இப்படிக் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்திருக்கிறார்கள். அதனாலேயே பல வாடகை நிறுவனங்கள், சரளைச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றன. அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுமுன் முழுவதும் வாசியுங்கள். டயர், கண்ணாடி, தானாகக் கவிழ்தல் ஆகியவற்றுக்குக் காப்பீடு பொருந்துமா என்று கேளுங்கள். இங்கிருந்து புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சூரியன் மறையுமுன் தங்குமிடத்துக்குப் போய்ச் சேருங்கள். இருட்டியபின் கூடூ என்னும் பெரிய மான்களும், ஓரிக்ஸ்களும், கழுதைகளும், மாடுகளும் சாலையைக் கடக்கும். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம்; மாலையில் சீக்கிரமே இருள் சூழத் தொடங்கும். விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரீமுக்குச் சுமார் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம் நால்வழிச் சாலையில் நான்கு மணி நேரத்துக்குள் முடியும் தூரம் அங்கே ஐந்து மணி நேரமாகலாம். ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாமல், பகல் வெளிச்சத்தில் எண்ணுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு வாகனத்தில் வையுங்கள். தொட்டி பாதி நிறைந்திருந்தாலும், காண்கிற ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த பங்க் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம், அங்கே இருப்புத் தீர்ந்திருக்கவும் கூடும். தங்கள் தீவட்டிகளோடுகூடப் பாத்திரங்களிலும் எண்ணெயைக் கொண்டுபோன ஐந்து கன்னிகைகளை ஆண்டவர் புத்தியுள்ளவர்கள் என்றாரே தவிர, நம்பிக்கையற்றவர்கள் என்று கடிந்துகொள்ளவில்லை. இரண்டு ஸ்டெப்னிகள் உள்ள வாகனத்தைக் கேட்டு வாங்குங்கள். டயரை மாற்ற ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். இயலுமானால் கணவன் மனைவி இருவரும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். மணற்குன்றுகளின் நடுவே சோசுஸ்ஃப்லே என்னும் இடத்துக்குப் போகும் கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ்ந்த மணல். நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனமின்றியும், டயர்களில் காற்றைக் குறைக்காமலும் அதில் இறங்கவேண்டாம். அங்கே பயணிகளை ஏற்றிச்செல்லும் வாகனங்கள் உண்டு. கைபேசித் தொடர்பு நெடுந்தூரம் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது சேருவீர்கள் என்று ஒவ்வொரு காலையிலும் தங்குமிடத்தாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

இவற்றையெல்லாம் உயிர்ப்பயத்தினால் மட்டும் சொல்லவில்லை. ஆள்நடமாட்டம் அரிதான அந்த நிலத்தில் நம் அலட்சியத்தின் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் செலுத்துகிறார். எரிபொருள் தீர்ந்து நிற்கிற பயணிக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறவர் யாரோ ஒரு பண்ணைக்காரர். அவர் கொடுக்கிற தண்ணீர், அவருடைய ஆடுமாடுகள் குடிக்கவேண்டிய தண்ணீர். கவிழ்ந்த வாகனத்திடம் வந்துசேர ஆம்புலன்ஸ் ஊழியர் மணிக்கணக்காக ஓடிவரவேண்டும். எனவே நன்றாகத் திட்டமிடுதல் பிறரிடத்தில் அன்புகூருதலின் ஒரு வடிவமே. உன் அயலான் யார் என்ற கேள்விக்கு, இன்னும் நீங்கள் சந்திக்காத அந்தப் பண்ணைக்காரரும் ஒரு பதில்.

இனி இளையவர்களின் அட்டவணைக்கு வருகிறேன். தலைநகரிலிருந்து புறப்பட்டு, மணற்குன்றுகளைக் கண்டு, கடலோர ஊராகிய ஸ்வாகோப்முண்டுக்குப் போய், பாறைச் செதுக்கல்கள் வழியாக வடக்கே எட்டோஷா வனவிலங்குப் பூங்காவை அடைந்து திரும்புவது ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் சுற்று. எட்டு நாட்களில் ஓடி முடிக்கலாம்; ஆனால் ஓட்டுகிறவர் சாலையைத் தவிர வேறொன்றையும் காணமாட்டார். பன்னிரண்டு நாட்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் இடங்களைக் குறையுங்கள். முக்கியமான ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரவு தங்குங்கள். எட்டோஷாவில் விலங்குகளைத் தேடி அலைவதைக் காட்டிலும், நீர்நிலை ஒன்றின் அருகே வாகனத்தை நிறுத்திக் காத்திருப்பது மேல். வறண்ட காலத்தில் யானையும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தாமாகவே தண்ணீரண்டைக்கு வரும். அமர்ந்திருக்கிறவனிடத்திற்கு வந்து சேருகிற காரியங்கள் உண்டு. இது பயணத்துக்கு மாத்திரம் உரிய பாடமல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இறுதியாக, பயணக் கையேடுகள் பல விரைந்து கடந்துபோகிற ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எட்டோஷாவிலிருந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்றே கிழக்கே விலகினால் வாட்டர்பெர்க் என்னும் செம்பாறை மலை இருக்கிறது. 1904 ஆகஸ்டில் அங்கே ஜெர்மன் குடியேற்றப் படையினர் ஹெரேரோ மக்களைத் தாக்கி, ஆண், பெண், குழந்தைகள் என்ற வேறுபாடின்றி, கிழக்கேயுள்ள ஒமாஹெகே வறண்ட நிலத்துக்குள் துரத்தினர். நீர்த்துறைகளுக்குத் திரும்பிவரும் வழியைப் படைவீரர்கள் அடைத்து நின்றார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஒவ்வொருவரும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடப்படுவர் என்று தளபதி லோத்தர் ஃபோன் ட்ரோதா ஆணையிட்டார். பல்லாயிரக்கணக்கானோர் தாகத்தினால் மாண்டார்கள். ஆபிரகாம் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணினால் தூர்த்துப்போட்டதை வேதத்தில் வாசிக்கும்போது நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். தண்ணீரை அடைப்பது என்றால் என்னவென்று ஒமாஹெகே நமக்குச் சொல்லும்.

அவ்வாண்டின் முடிவில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டபின், உயிர் பிழைத்தோரை வரவழைக்க ரேனிஷ் மிஷன் சங்கத்தார் சேகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். மிஷனரிகளின் சொல்லை நம்பி ஜனங்கள் வந்தார்கள். அங்கிருந்து அவர்கள் முகாம்களுக்குக் கட்டாய வேலைக்காக அனுப்பப்பட்டார்கள். ஹெரேரோவோடு நாமா மக்களும் அம்முகாம்களில் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். கடலோர விடுமுறை நகரமாக இன்று விளங்குகிற ஸ்வாகோப்முண்டின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, அப்படி இறந்தவர்களின் பெயரற்ற மண்மேடுகள் வரிசையாக இருக்கின்றன. நற்செய்தியை அறிவித்த சபை, தன்னை நம்பி வந்தவர்களைக் காக்கவில்லை. சபை என்ற பெயரைச் சுமக்கிற நாமும் அதை அறிந்திருக்கவேண்டும். 2021-இல் ஜெர்மனி அரசு அதை இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது. 2025 முதல் மே 28-ஆம் நாளை நமீபியா தேசிய நினைவுநாளாக அனுசரிக்கிறது. ஆகையால் ஸ்வாகோப்முண்டில் ஒரு மணி நேரத்தையும், வாட்டர்பெர்க்கில் ஒரு நாளையும் உங்கள் திட்டத்தில் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்குத் தக்கபடி எடுத்துச் சொல்லுங்கள். மண்மேடுகளின் நடுவே படம் எடுத்துக்கொண்டு திரியாமல், அமைதியாக நின்று வாருங்கள்.

ஏதோம் தேசத்தின் வழியாய்க் கடந்துபோக மோசே அனுமதி கேட்டபோது, வயல்களில் இறங்கமாட்டோம், ராஜபாதையிலேயே போவோம், எங்கள் மிருகங்கள் தண்ணீர் குடித்தால் விலைகொடுப்போம் என்று இஸ்ரவேலர் சொல்லியனுப்பினார்கள். பிறர் நிலத்தில் பயணம் செய்கிறவனுக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை. குறித்த பாதையை விட்டு வாகனத்தை இறக்காதீர்கள். அந்தச் சரளை மண்ணில் பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். உள்ளூர் மக்கள் நடத்துகிற தங்குமிடங்களில் சில இரவுகளாவது தங்கி, அவர்கள் கேட்கும் விலையை மனமுவந்து கொடுங்கள்.

பயணம் போகிற குடும்பங்கள் இந்த வாரமே ஒரு மாலையில் ஒன்றாக உட்கார்ந்து, வரைபடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் நடுவில் வைத்து, முதலில் ஜெபித்து, பிறகு தண்ணீரையும் எரிபொருளையும் பகல் வெளிச்சத்தையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையும் ஜெபத்தின் தொடர்ச்சியே. பெரியவர்கள் அவர்களைக் கேலி செய்யாமல், தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். டயர் மாற்றத் தெரிந்த ஐயாமார் நம் சபையில் பலர் உண்டு. வருகிற சனிக்கிழமை மாலை ஆலய வளாகத்துக்கு வந்து உதவும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன்.